ஓரத்தில் ஒட்டியிருந்தது

மார்ச் 3

வாண்டு,

இந்த வாரம் எத்தனை தடவை போன் அடித்துவிட்டாய்? எடுத்தால் என் குரல் உனக்குக் கேட்காது. "என்ன அத்தான், என்ன அத்தான்" என்று நீ கத்துவாய். கடையில் நிற்கிறவர்கள் எனக்குக் காது போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். போனது காது இல்லை, தொண்டை. இந்தப் பார்க்கின்சன் கையோடு நிற்காமல் குரலையும் சுருக்கி வைத்துவிட்டது. அதனால் சொல்கிறேன், எழுது. கடிதம் எழுதினால் நீ படித்த படிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

என் எழுத்து பொடிப் பொடியாக இருக்கிறது என்று குறை சொல்லாதே. அதுவும் நோயின் கைங்கரியம்தான். உன்னிடம்தான் மைக்ரோஸ்கோப் இருக்கிறதே, வைத்துப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். கை நிற்கிறது. வருஷக் கணக்காக ஆடிக்கொண்டிருந்த வலது கை நிற்கிறது. நேற்று பன்னுக்கு நானே மாவை உருட்டி வைத்தேன். ட்ரேயில் எல்லாம் ஒரே அளவு. உன் அக்கா வந்து பார்த்தாள், உடனே உள்ளே போய்விட்டாள். அழத்தான் போனாள், எனக்குத் தெரியாதா. சட்டைக்கு பட்டனும் நானே போடுகிறேன். நேரம் ஆகிறது, ஆனால் ஆகிறது.

எல்லாம் உங்கள் ஆய்வகத்து மருந்து. நீதானே கடை மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்தினாய். மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிகிறது, பக்கத்தில் இருப்பதையும் தப்பாக மடிய வைக்கிறது, எல்லாம் சேர்ந்து கட்டி தட்டிப் போகிறது, புளித்த மாவில் ஒரு துண்டு புது மாவில் விழுந்தால் மொத்தமும் புளிக்கிற மாதிரி என்று. "எங்க மருந்து கட்டி தட்ட விடாது அத்தான், சோதனைக்கு ஆள் எடுக்கறாங்க, பேரைக் குடுங்க" என்று. குடுத்தேன். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்றார்கள். எனக்குத் தெரியும். வாயில் எந்நேரமும் சாவியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. வெற்று மாத்திரைக்கு ஏது ருசி?

நோயாளிகள் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். என் கையைப் பார்த்துத்தான். அடுத்த மாதம் மாத்திரை அளவை இரண்டு மடங்கு ஆக்கப் போகிறார்களாம். ஆக்கட்டும். உன் புரொபசரிடம் சொல், இந்தப் பக்கம் வந்தால் எங்கள் கடையில் அவர் எதற்கும் காசு கொடுக்கக் கூடாது.

போன் அடிக்காதே.

அத்தான்

&nbsp;

மார்ச் 11

அன்புள்ள அத்தான்,

நான் போன் அடித்தது சும்மா நலம் விசாரிக்க இல்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு எழுதுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. உட்கார்ந்து படியுங்கள். அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் மருந்தை எப்படிச் சோதிக்கிறோம் என்று உங்களுக்கு நான் சொன்னதில்லை. விரல் நுனி அளவு பிளாஸ்டிக் டியூபில் அந்தப் புரதத்தை ஊற்றி நாள் கணக்கில் குலுக்குவோம். மெஷின் குலுக்கும். மருந்து போடாத டியூபில் கட்டி தட்டிக் கலங்கிவிடும். மருந்து போட்டது தெளிவாக நிற்கும். நடுவிலிருந்து ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைப்போம், கட்டி இருக்காது. அந்தப் படத்தை வைத்துத்தான் கட்டுரை, பரிசு, மருந்துக் கம்பெனி, உங்கள் மாத்திரை எல்லாம் வந்தது.

ஜனவரியில் டியூப் சப்ளை செய்கிற கம்பெனி மாறியது. புது டியூப் எதுவும் ஒட்டாத ரகம். அதில் மருந்து போட்டுக் குலுக்கினால், கலங்கியது. என் கையில்தான் கோளாறு என்று நினைத்தேன். மறுபடி செய்தேன், மறுபடி கலங்கியது. அலமாரியில் பழைய டியூப் ஒரு பை மிச்சம் இருந்தது. அதில் செய்தேன், பளிச்சென்று தெளிவாக நின்றது. தண்ணீரை எல்லாம் கொட்டிவிட்டு, காலி டியூபின் உள் ஓரத்தைச் சுரண்டி, சுரண்டியதைப் பார்த்தேன். அத்தனை கட்டியும் அங்கே இருந்தது.

மருந்து கட்டி தட்டுவதைத் தடுக்கவில்லை அத்தான். கட்டியைப் பிளாஸ்டிக்கில் ஒட்ட வைத்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் இத்தனை வருஷமாக நடுவிலிருந்தே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், அப்படித்தான் நாங்களும் பிறகு வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தோம். மாவுக் கிண்ணத்தின் ஓரத்தை வழிக்காமல் விட்டால் நீங்கள் யாரையாவது சும்மா விடுவீர்களா?

புரொபசரிடம் போனேன். கோபப்படவில்லை. "புது டியூப் சரியில்லம்மா, பழசுக்கே போயிடலாம்" என்று காபி குடிக்கச் சொன்னார். எலிகளில் வேலை செய்ததே என்றார். அந்த எலிகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம், அதிலும் பாதி எலிகள் மருந்து இல்லாமலே நன்றாகத்தான் இருந்தன.

உங்களை இதில் சேர்த்துவிட்டவள் நான். அதனால் முதலில் உங்களிடம் சொல்கிறேன். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் பேசுங்கள். அளவைக் கூட்ட மட்டும் சம்மதிக்காதீர்கள். இது ஈரலுக்குக் கொஞ்சம் கெடுதல் செய்கிற மருந்து. பலன் இருந்தால் அந்தக் கெடுதலைப் பொறுத்துக்கொள்ளலாம். பலனே இல்லாமல் எதற்கு?

வாண்டு

&nbsp;

மார்ச் 16

பெரிய விஞ்ஞானி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் அக்கா சத்தமாகப் படித்தார். பாதியில் நிறுத்தச் சொன்னேன், நிறுத்தவில்லை, முழுசையும் படித்து முடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மரியாதை போதும். உன் டியூபில் என்ன ஒட்டினால் எனக்கென்ன? நான் டியூபா? என் மண்டை பிளாஸ்டிக்கா? என் கை நிற்கிறது என்று எழுதினேன். நீ என் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் டியூபின் கதையை மூச்சு விடாமல் எழுதியிருக்கிறாய்.

போன வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியாது, நீ வந்து பார்க்கவும் இல்லை. மீதிச் சில்லறை கொடுக்கும்போது காசு கையிலிருந்து தெறிக்கும். வாடிக்கைக்காரர்கள் குனிந்து பொறுக்குவார்கள், பொறுக்கிவிட்டு என்னைப் பார்க்காமல் போவார்கள். தட்டில் இருப்பதை உன் அக்கா சின்னத் துண்டாக வெட்டி வைப்பாள், குழந்தைக்கு வைக்கிற மாதிரி. கடையை விற்றுவிடலாம் என்று ஆள்கூடப் பார்த்தோம். இப்போது வெட்டி வைப்பதில்லை, கடையும் என்னிடம்தான் இருக்கிறது. இதை எந்த டியூபில் போட்டுக் குலுக்குவாய்?

சங்கத்தில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார், கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது என்று வேலையை விட்டவர். ஒரு டீச்சர் இருக்கிறாள், உன் வயதுதான், கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இருவரும் இந்தச் சோதனையில் இருக்கிறார்கள். நீ வாயைத் திறந்தால் சோதனை நிற்கும். அப்புறம் அவர்கள் வீட்டுக்கு நீயே போய்ச் சொல்லிவிட்டு வா, பழைய டியூப் இப்படி, புது டியூப் அப்படி என்று.

நீ சின்னப் பிள்ளையிலிருந்தே இப்படித்தான். ஆடுகிற நாற்காலியைக் கண்டால் யாரும் உட்கார்ந்து விழக் கூடாது என்று நீயே உடைத்துப் போடுவாய். அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் உன்னைப் படிக்க வைக்கச் சொல்லி உன் அப்பாவிடம் சண்டை போட்டேன். என் தலையிலேயே கை வைப்பாய் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

வாயை மூடிக்கொண்டு இரு. இதைவிட எளிதாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அத்தான்

&nbsp;

ஏப்ரல் 2

அத்தான்,

மூடவில்லை. சோதனையின் பாதுகாப்புக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி, பழைய டியூப், புது டியூப், சுரண்டி எடுத்த படங்கள் எல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டேன். அனுப்பிய மறுநாளே ஆய்வகம் முழுவதும் தெரிந்துவிட்டது. சாப்பிடுகிற இடத்தில் நான் போய் உட்கார்ந்தால் மற்றவர்களுக்கு உடனே வேலை வந்துவிடுகிறது. பக்கத்து மேஜைக்காரி மட்டும் கூட உட்கார்ந்தாள். "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை" என்று கேட்டாள். என் வீட்டில் ஒருவர் அதை விழுங்குகிறார் என்றேன். அவளும் எழுந்து போய்விட்டாள்.

உங்கள் கையைப் பற்றிக் கேட்கவில்லை என்றீர்கள். கேட்கப் பயமாக இருந்தது. கை நின்றது பொய் என்று நான் நினைக்கவே இல்லை. நிறுத்தியது யார் என்பதுதான் கேள்வி. உங்கள் நோயில் ஒரு விசித்திரம் உண்டு. நல்லது நடக்கப் போகிறது என்று நம்பினால், உங்கள் மூளையில் எது குறைந்து போயிற்றோ அதை மூளையே கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும். கட்டுக்கதை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். அது உண்மையான நிவாரணம்தான். ஆனால் கட்டி தட்டுவது அதன் பாட்டுக்கு உள்ளே நடந்துகொண்டே இருக்கும். இதைப் படித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் சொல்லாவிட்டால் வேறு யார் உங்களிடம் சொல்வார்கள்?

டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல் என்றீர்கள். போவேன். முகவரி அனுப்புங்கள்.

இன்னொன்று. அக்கா போனில் எல்லாம் சொல்லிவிட்டாள். மாவு மூட்டைக்குப் பின்னால் போய் வாந்தி எடுக்கிறீர்களாம். வெண்ணெய் உருக்கினால் கடையை விட்டே வெளியே போய்விடுகிறீர்களாம். பேக்கரிக்காரருக்கு வெண்ணெய் வாசம் ஆகவில்லை என்றால் அது என்ன சின்ன விஷயமா? நர்ஸ் கேட்டால் மட்டும் "எல்லாம் ஜோரா இருக்கு சிஸ்டர்" என்று சொல்கிறீர்களாம். உண்மையைச் சொன்னால் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். அளவைக் கூட்டியும் ஆகிவிட்டது.

ரத்தம் கொடுத்து ஈரலைப் பாருங்கள். என்னோடு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள், ரத்தம் கொடுத்துவிட்டுப் போடுங்கள். சொன்னதற்காக அக்காவைத் திட்டினால் நான் நேரில் வந்துவிடுவேன்.

வாண்டு

&nbsp;

ஏப்ரல் 9

உன் அக்காவோடு நான் பேசுவதில்லை. அவளும் என்னோடு பேசுவதில்லை. கடையில் வருகிறவர்கள் மூலமாகப் பேசிக்கொள்கிறோம். இந்த வீட்டுக்கு நீ செய்த உபகாரம் இது.

சங்கத்திலிருந்து உன் புரொபசருக்கும் அந்தக் குழுவுக்கும் கடிதம் போய்விட்டது. சோதனை தொடர வேண்டும், ஒரு இளைய ஆராய்ச்சியாளரின் தனிப்பட்ட மனக்கசப்புக்காக நோயாளிகளைப் பலி கொடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறோம். வாசகம் நான் சொன்னது. முதல் கையெழுத்தும் என்னுடையது.

ரத்தமெல்லாம் கொடுக்க முடியாது. நம்பிக்கைதான் என் கையை நிறுத்தியது என்றாயே, அதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? அப்படியே வைத்துக்கொள்வோம். அந்த நம்பிக்கையையும் பிடுங்க வந்தவள் நீதானே?

இனி எழுதாதே.

&nbsp;

மே 20

அத்தான்,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அடுப்பில் போடுங்கள்.

உங்கள் சங்கத்துக் கடிதத்தைப் புரொபசர் என் முன்னால் வைத்தார். தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மேஜை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "உங்க வீட்டு ஆளே முதல் கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றார். பார்த்தேன். இவ்வளவு சின்னக் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். பிறகு நல்லவிதமாகப் பேசினார். நான் அனுப்பியதில் அவசரப்பட்டுவிட்டேன் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போதுமாம், அடுத்த வருஷம் எனக்கென்று தனி ஆய்வுக்குழு ஏற்பாடு செய்கிறாராம். "சுரண்டிப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன். அதைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்.

எழுதிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை வாசலில் கார்டைத் தேய்த்தால் கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி என்னை ஆறு வருஷமாகப் பார்க்கிறவர். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு என் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் கொடுத்தார். செருப்பு, குடை, ஒரு ஸ்வெட்டர். அவ்வளவுதான் நான் அங்கே சேர்த்த சொத்து.

இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேறொரு ஊரில் உள்ள ஆய்வகத்திடம் பாதுகாப்புக் குழு இதைச் சரிபார்க்கச் சொன்னது. அவர்களும் பழைய டியூபின் ஓரத்தைச் சுரண்டினார்கள். நான் பார்த்ததேதான் அவர்களும் பார்த்தார்கள். உங்கள் மாத்திரையை நிறுத்தியது அதனால்தான். நீங்கள் என்னை எவ்வளவு திட்டியிருப்பீர்கள் என்று இங்கே இருந்தே கேட்கிறது. மன்னிப்புக் கேட்க மாட்டேன். சோதனையில் சேரச் சொன்னதற்குக் கேட்கலாம், நிறுத்தியதற்குக் கேட்க மாட்டேன்.

அந்த ஊர் ஆய்வகத்து அம்மாள் என்னை வேலைக்கு வரச் சொல்கிறார். இதே புரதம், இதே நோய், முதலிலிருந்து. ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. பயந்துகொண்டு இல்லை, யாருக்கும் நான் பயப்படவில்லை. ஆனால் டியூபைக் கையில் எடுக்கலாம் என்று நினைத்தாலே, உங்கள் கடை மேஜையில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசினேனே, அது ஞாபகம் வருகிறது. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசி என் வீட்டு மனிதருக்கே ஒரு மாத்திரையைக் கொடுத்தேன். இனி யாரிடம் போய் எதைச் சாப்பிடு என்று சொல்வேன்? ஏதாவது பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

ரத்தம் கொடுத்தீர்களா?

வாண்டு

&nbsp;

ஜூன் 14

வாண்டு,

பேனாவை விரலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதுகிறேன். எழுத்து போன தடவையைவிடச் சின்னது. திட்டாமல் படி.

ரத்தம் கொடுத்தேன். நானாகக் கொடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டோம் என்று நர்ஸ் போன் பண்ணிய அன்று, உன் அக்கா என் கண் இமையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மஞ்சள். கடை ஷட்டரைப் பாதியில் இறக்கிவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனாள், வழியெல்லாம் வாய் ஓயாமல் திட்டினாள். வாரக் கணக்கில் பேசாமல் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் தீர்த்துக்கொண்டாள். ஈரல் வீங்கியிருந்ததாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், உன் அக்கா அவரை முடிக்க விடவில்லை. இப்போது வடிந்துவிட்டது. வெண்ணெய் வாசமும் பழையபடி பிடிக்கிறது.

மாத்திரை நின்றதும் கை மறுபடி ஆட ஆரம்பித்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கட்டி தட்டாமல் தடுக்கிற மருந்தாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகாது என்று டாக்டரே சொன்னார். நீ எழுதியதைத்தான் அவரும் சொன்னார், உன்னைவிட நயமாகச் சொன்னார். எனக்கு வந்தது மருந்தா, வெற்று மாத்திரையா என்று பிரித்துச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஈரலைப் பார்த்தால் எனக்கே தெரிகிறதே என்று உன் அக்கா சொல்கிறாள். இருக்கட்டும், இருந்தாலும் என் காதில் போட வேண்டாம் என்றேன். அந்த மாதங்களில் பன் உருட்டியவன் நான். அதை யாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்க மாட்டேன்.

இனி சங்கக் கூட்டத்தின் கதைக்கு வருகிறேன். உன் புரொபசர் சங்கத்துக்குப் பேச வந்தார். நான்தான் செயலாளர், அழைத்ததும் நான்தான். வாடகை மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, வீட்டு மனிதர்களோடு எல்லோரும் வந்திருந்தார்கள். நன்றாகப் பேசினார், குறை சொல்ல முடியாது. சின்ன டெக்னிக்கல் குழப்பம், சீக்கிரம் சரியாகிவிடும், நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் குழுவுக்கு இன்னொரு கடிதம் அனுப்பினால் சோதனை மறுபடி ஆரம்பிக்கும் என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டியிருப்பேன், உன் கடிதம் சட்டைப் பையில் இல்லாமல் இருந்திருந்தால். அடுப்பில் போடவில்லை, போ.

எழுந்தேன். எழுவதற்கே எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? உன் அக்கா மைக்கை என் வாய்க்குக் கிட்டே பிடித்தாள். பேசினேன், யாருக்கும் கேட்கவில்லை. பஸ் டிரைவர் எழுந்து, "ஃபேனை நிறுத்துங்கப்பா, செயலாளர் பேசறார்" என்று ஒரு அதட்டல் போட்டார். நிறுத்தினார்கள்.

"பழைய டியூபோட ஓரத்தைச் சுரண்டிப் பாத்தீங்களா சார்?" என்றேன்.

அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை என்று ஆரம்பித்தார். புரதம், மேற்பரப்பு என்று என்னென்னவோ சொன்னார். முடிக்கும் வரை நின்றேன். முடித்ததும் அதே கேள்வியைக் கேட்டேன். தண்ணீர் குடித்தார். ஃபேன் இல்லாமல் எல்லோருக்கும் வியர்க்கிறது, ஒருத்தர்கூடப் போடச் சொல்லவில்லை.

"பாத்தோம்" என்றார்.

"எப்போ?"

"பிப்ரவரியில."

பிப்ரவரியில். எனக்கு அளவைக் கூட்டியது ஏப்ரலில். அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தேன், உன் அக்கா மைக்கை விட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மைக் இல்லாமலே சொன்னேன்: "அப்ப என் கையெழுத்தை எங்க வீட்டுப் பொண்ணு முன்னாடி வச்சுப் பேசினீங்களே, அப்பவே உங்களுக்குத் தெரியும். அந்தக் கடிதத்தைத் திருப்பிக் குடுங்க சார். என் பேரை வச்சு அவளை மிரட்டினது போதும்."

முதலில் எழுந்து போனது அந்த டீச்சர். அப்புறம் எல்லோரும். இரண்டாவது கடிதத்தில் ஒரு கையெழுத்தும் விழவில்லை. முதல் கடிதத்தை வாபஸ் வாங்கி, நடந்ததை எல்லாம் எழுதிக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம். பஸ் டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க மச்சினிய நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், சொல்லிடுங்க" என்றார். நானும்தான் பேசினேன் என்றேன்.

இப்போது உன் விஷயம். உன் புது ஆய்வகத்து அம்மாளோடு நான் போனில் பேசினேன். உன் அக்கா நம்பர் தேடிக் கொடுத்தாள். நான் பேச, உன் அக்கா அதை அவருக்குச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல, ஒருவழியாகப் பேசி முடித்தோம். நீங்கள் ஏதாவது கண்டுபிடித்தால் அடுத்த சோதனைக்கு முதல் பெயர் என்னுடையது என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்னார், ஒரு தடவை இந்த மாதிரி மருந்து சாப்பிட்டு ஈரல் கெட்டவர்களை எடுக்க மாட்டார்களாம். அதுவும் இல்லாமல், இப்போது ஆரம்பித்தால் மனிதர்களிடம் வருவதற்கு நான் இருக்கிற காலம் பத்தாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நல்ல அம்மாள். எனக்குப் பிடித்தது.

ஆக, நீ எதைக் கண்டுபிடித்தாலும் அது எனக்கு இல்லை. இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று உன் அக்கா கெஞ்சினாள். நான் சொல்கிறேன். இனி இந்த வீட்டில் யாரும் யாருக்கும் பொய் சொல்லப் போவதில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது, நிறைய இருக்கிறது. இந்த நோய் மேல், அந்த ஆள் மேல், கொஞ்சம் உன் மேலும். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாவு பிசைந்து தீர்க்கலாம் என்றால் கை ஒத்துழைக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகிறாளாம். அதற்கா என்னோடு இவ்வளவு சண்டை போட்டாய்? எனக்கு மருந்து இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியம் இருந்ததே, அந்தத் தைரியத்தை எங்கே கொண்டு போய் வைத்தாய்? தெரியாமல் பேசினாய், சரி, இப்போது தெரிந்துகொண்டு பேசு. அந்த டீச்சருக்கு இன்னும் வயது இருக்கிறது. அவளுக்குக் காலம் பத்தும். அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன், வருஷக் கணக்காகும் என்றும் சொன்னேன். "இருக்கட்டும் சார், நான் காத்திருக்கேன்" என்றாள்.

எனக்காக ஒன்றும் செய்யாதே. அவளுக்காகப் போ. நீ வருகிறாய் என்று அந்த அம்மாளிடம் நானே சொல்லிவிட்டேன்.

அத்தான்